90 நிமிட கேசட்டும் 11-வது பாட்டும்

முதல் நாள். 2019 டிசம்பர் 13, வெள்ளி. குர்லா எக்ஸ்பிரஸ்

கோவையில் காலையில் ஏறினால் மறுநாள் சாயங்காலம் மும்பை. விமானத்தில் போனால் இரண்டு மணி நேரம்தான் என்று வீட்டில் மூன்று முறை சொன்னார்கள். கச்சேரி டிக்கெட்டுக்குக் கொடுத்த காசைச் சொல்லியிருந்தால் நான்காவது முறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் நானும் வாய் திறக்கவில்லை. ஸ்லீப்பர் கோச், ஜன்னலோரம், வாழையிலையில் கட்டிய புளிசாதம். குறையொன்றுமில்லை.

ஈரோட்டில் எதிர் சீட்டுக்கு ஒரு பெட்ஷீட் வியாபாரி வந்தார். சோலாப்பூர் வரை போகிறவர்.

"மும்பைல விசேஷமுங்களா?"

"பாட்டுக் கச்சேரிங்க."

"ஆருது, எஸ்.பி.பி.ங்களா?"

"இல்லீங்க, அயர்லாந்துக்காரங்க. யூ2-னு ஒரு ராக் பேண்டு. நாளன்னிக்கு நவி மும்பைல வாசிக்கறாங்க."

கொஞ்சம் யோசித்தார். "அவிக அத்தனை தொலைவுல இருந்து வாராங்கன்னா, நாம இங்கிருந்து போறதுல ஒண்ணும் தப்பில்லீங்க" என்றார். என் வீட்டில் யாருக்கும் தோன்றாத நியாயம் இது.

யூ2 இந்தியாவில் வாசிப்பது இதுதான் முதல் தடவை. 1976-ல் டப்ளினில் ஒரு பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் லாரி மல்லன் என்ற 14 வயதுப் பையன், பேண்டு ஆரம்பிக்கப் போகிறேன், ஆள் வேண்டும் என்று துண்டுச்சீட்டு ஒட்டினான். வந்த பையன்களை அவன் வீட்டுச் சமையலறையில் உட்காரவைத்து வாசித்துப் பார்த்தார்கள். அவர்களில் போனோ, எட்ஜ், ஆடம் கிளேட்டன், லாரி ஆகிய நால்வரும் 43 வருஷமாக அப்படியே இருக்கிறார்கள். ஆள் மாறவில்லை. கூட்டுக் குடும்பங்களே பத்து வருஷம் தாங்காத காலம்.

இந்தச் சுற்றுப்பயணத்தில் 1987-ல் வந்த 'ஜோஷுவா ட்ரீ' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாறாமல் வாசிக்கிறார்கள். நான் போவது அந்த வரிசைக்காகத்தான். அதற்கு ஒரு பழங்கதை உண்டு, சொல்லிவிடுகிறேன்.

1990. கோவையில் எஞ்சினியரிங் காலேஜ் ஹாஸ்டல். என் ரூம்மேட் திருநெல்வேலிக்காரன். அவனுடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர், வெளிநாட்டிலிருந்து இந்த எல்.பி. ரெக்கார்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். எங்களிடம் ரெக்கார்டு ப்ளேயர் கிடையாது. காந்திபுரத்தில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. துண்டுத்தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவார்கள். 90 நிமிட கேசட் வாங்கிக் கொடுத்தோம். ஒரு பக்கம் யூ2, மறுபக்கம் இளையராஜா. பக்கத்துக்கு 45 நிமிஷம். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆல்பத்தின் நீளம் 50 நிமிஷம்.

இன்று சேலம் தாண்டியதும் ஒரு தாளை எடுத்து, பாட்டுகளின் நீளத்தை ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் இதைச் செய்துபார்க்கத் தோன்றியதேயில்லை. பத்தாவது பாட்டான 'எக்ஸிட்' முடியும்போது 45 நிமிஷம் 2 விநாடி! கேசட்டில் எப்போதும் கொஞ்சம் நாடா கூடுதலாகவே சுற்றியிருப்பார்கள் என்பதால் 'எக்ஸிட்' முழுசாகவே பதிந்துவிட்டது. அதற்கப்புறம் மழை தூறுவது மாதிரி ஒரு இரைச்சல், அப்புறம் 'டக்'. அந்த இரைச்சலை நாடா தேய்ந்த சத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது 11-வது பாட்டின் தொடக்கம். கூரையில் விழும் மழைச் சத்தத்தோடுதான் அந்தப் பாட்டு ஆரம்பிக்கிறது.

அப்படி ஒரு பாட்டு இருப்பதே பல வருஷம் கழித்து ஒரு சிடியின் முதுகைப் படித்தபோதுதான் தெரிந்தது. 'மதர்ஸ் ஆஃப் த டிஸப்பியர்ட்.' காணாமல் போனவர்களின் அம்மாக்கள். கேட்காமல் இல்லை, கம்ப்யூட்டரில், போனில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் என் காதில் அந்த ஆல்பம் பத்துப் பாட்டோடு முடிந்துவிடுகிறது. பந்தியில் மோர்சாதம் முடித்து இலையை மடித்தபின் ஒருத்தர் வந்து இன்னொரு கரண்டி வைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அந்தப் பாட்டு எனக்கு.

இதில் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. பாட்டு வரிசையை முடிவுசெய்தவர்கள் பேண்டுக்காரர்கள் இல்லை. கிர்ஸ்டி மெக்கால் என்ற பாடகி. ஆல்பத்தின் சில பாட்டுகளுக்கு மிக்ஸிங் செய்த ஸ்டீவ் லிலிவைட்டின் அப்போதைய மனைவி. எங்களால் வரிசை போட முடியவில்லை, உனக்குப் பிடித்த மாதிரி அடுக்கிக் கொடு என்று அவரிடம் விட்டார்கள். இரண்டே நிபந்தனைதான்: முதலில் 'வேர் த ஸ்ட்ரீட்ஸ் ஹேவ் நோ நேம்' இருக்க வேண்டும், கடைசியில் 'மதர்ஸ்' இருக்க வேண்டும். மற்ற ஒன்பதும் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அவர்கள் இடத்தை விட்டுக்கொடுக்காத இரண்டு பாட்டில் ஒன்றைத்தான் காந்திபுரத்தில் வெட்டிவிட்டார்கள்.

பைக்குள் அந்தக் கேசட் இருக்கிறது. ரூம்மேட் இப்போது செம்பூரில். அவனிடமே காட்டிக் கேட்கப் போகிறேன்.

ஓசூர் வந்துவிட்டது. சிக்னல் இருக்கும்போதே இதை ஏற்றிவிடுகிறேன்.

இரண்டாம் நாள். டிசம்பர் 14, சனி. செம்பூர்

ராத்திரி குண்டக்கல்லில் வண்டி நின்ற நேரத்துக்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிட்டேன். பெட்ஷீட் வியாபாரி சோலாப்பூரில் இறங்கும்போது, "கச்சேரி நல்லாப் பாருங்க, திரும்பறப்ப தொண்டை கட்டியிருந்தா பனங்கற்கண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். புனே தாண்டி மலையிறங்கும்போது வெயிலில் மலைகள் காய்ந்து மஞ்சளாகக் கிடந்தன. மழைக்காலத்தில் வந்திருக்க வேண்டும். லோனாவாலாவில் எல்லோரும் வாங்கினார்கள் என்று நானும் சிக்கி வாங்கினேன். கடலைமிட்டாய்தான். கோவில்பட்டிக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை.

லோக்மான்ய திலக் டெர்மினஸில் ரூம்மேட் நின்றிருந்தான். நரைத்த தலை, முன்னால் தள்ளிய தொப்பை, வங்கி அதிகாரியின் செருப்பு.

"என்னலே, பெட்டிய மட்டும் தூக்கிட்டு வந்திருக்கே, முடிய எங்கல விட்டே?"

"கேசட்டைக் கொண்டுவந்திருக்கேன். பஞ்சாயத்து இருக்கு."

வீட்டில் அவனுடைய அம்மா. 82 வயசு. மும்பைக்கு வந்து 25 வருஷமாகியும் பேச்சு தாமிரபரணியை விட்டு ஒரு அடி நகரவில்லை. "வாய்யா, மெலிஞ்சிட்டியே ராசா" என்றார்கள். நான் 84 கிலோ. சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைத்திருந்தார்கள். சொதி என்றால் திருநெல்வேலிக்காரர்கள் மாப்பிள்ளைக்கு வைப்பது. எனக்கு இரண்டு நாள் மாப்பிள்ளை அந்தஸ்து.

சாப்பிட்டுவிட்டுக் கேசட்டை எடுத்துப் போட்டேன். அட்டையில் அவனுடைய கையெழுத்து. 'யூ2' என்று எழுதி அடியில் இரண்டு கோடு. திருப்பிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான்.

"கடைசிப் பாட்டை யாருடா வெட்டினது?"

"நானா வெட்டினேன்? நாடா தீந்து போச்சுல."

"அறுபது நிமிஷ கேசட் ரெண்டு வாங்கியிருக்கலாமே."

"அதுக்கு யாரு காசு குடுத்தா? உங்க தாத்தாவா?"

அப்புறம்தான் மெதுவாக ஒரு விஷயத்தைச் சொன்னான். வேலை கிடைத்து மும்பை வந்த புதிதில், 1994-லோ 95-லோ, காலா கோடாவில் ரிதம் ஹவுஸ் கடையில் முதல் சம்பளத்தில் இந்த சிடியை வாங்கினானாம். அங்கேயே ஹெட்போனில் கேட்டானாம். 11-வது பாட்டு வந்ததும் திடுக்கென்று ஆகிவிட்டதாம்.

"அப்போ உனக்கு அப்பவே தெரியும்?"

"தெரியும்."

"எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாமே."

"போட்டு? 'நண்பா, இன்னொரு பாட்டு இருக்கிறது, இப்படிக்கு'ன்னா?"

நியாயம்தான். ஆனாலும் கோபம் முழுசாகப் போகவில்லை. கேசட்டைப் போட்டுக் கேட்கலாம் என்றால், வீட்டில் இருக்கும் ஒரே டூ-இன்-ஒன் அம்மாவுடையது. அது சமையலறை அலமாரியில், கந்த சஷ்டி கவசத்துக்கு மட்டும் என்று உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கு அனுமதி கிடைக்கவில்லை. "உன் கேசட்ட போட்டு என் பொட்டிய கெடுத்துராத ராசா."

மூன்றாம் நாள். டிசம்பர் 15, ஞாயிறு. ராத்திரி 2 மணி தாண்டிவிட்டது

காது இன்னும் இரைந்துகொண்டிருக்கிறது. தூக்கம் வரவில்லை, எழுதிவிடலாம்.

காலையில் ரிதம் ஹவுஸ் பார்க்கப் போனோம். கடை என்று சொல்ல முடியாது. 2016-லேயே மூடிவிட்டார்கள். ஜஹாங்கீர் ஆர்ட் கேலரிக்கு எதிரே இழுத்துவிட்ட ஷட்டர். அதற்கு முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்ட இரண்டு வழுக்கைத் தலைகளை டிராபிக் போலீஸ்காரர் விநோதமாகப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் மெகா பிளாக், லோக்கல் ரயில் எப்போது நிற்கும் என்று தெரியாது என அவன் பறந்ததில் உடனே திரும்பிவிட்டோம்.

மூன்று மணிக்குக் கிளம்பி, செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் நெருல். மான்குர்த் தாண்டினால் ரயில் கடற்கழி மேல் போகிறது. தண்ணீர் சேற்று நிறம், அதன்மேல் சாயங்கால வெயில். பெட்டிக்குள் பாதிப்பேர் ஸ்டேடியத்துக்குப் போகிறவர்கள் என்பது பனியனைப் பார்த்தாலே தெரிந்தது. எங்கள் வயதுக்காரர்கள்தான் அதிகம். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பழைய பனியனை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நானும்தான்.

டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியம் கிரிக்கெட்டுக்குக் கட்டியது. 2008-ல் முதல் ஐபிஎல் இறுதிப்போட்டி நடந்த இடம். எங்களுக்குக் கிடைத்தது மேடைக்கு நேர் எதிர்ப்பக்கக் கேலரி. மேடை முழுக்க 200 அடி அகலத்துக்கு ஒரே திரை, பொன்னிறத்தில். அதில் ஒரு ஜோஷுவா மரம் வரைந்திருந்தது. அதே மரத்தின் நிழல் தரையில் விழுந்த மாதிரி, கூட்டத்துக்கு நடுவே கிளை பரப்பிய இன்னொரு சின்ன மேடை. கண்ணுக்கு அழகு. ஏற்பாடுதான் கண்ணராவி. வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவரக் கூடாது, உள்ளே வாங்குவதற்கோ கிருத்திகைக் கூட்டம். இந்தத் தண்ணீர் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டியபின் லாரி மல்லன் மட்டும் தனியாக நடந்து வந்தார். 58 வயசு. சின்ன மேடைக்குப் போய் உட்கார்ந்து டிரம்ஸ் அடிக்க ஆரம்பித்தார். பட்டாளத்துப் பேரிகை மாதிரி அந்த அடி. 'சண்டே ப்ளடி சண்டே.' 1972-ல் வட அயர்லாந்தின் டெரி நகரில், ஊர்வலம் போனவர்களை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டு 13 பேர் அன்றே செத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிய பாட்டு. மற்ற மூவரும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள். முதல் நாலைந்து பாட்டுக்குத் திரையை எரியவே விடவில்லை. கேலரியிலிருந்து பார்த்தால் நாலு பேரும் கட்டைவிரல் அளவு. பக்கத்தில் ஒருத்தர் இதற்கா இவ்வளவு காசு என்று ஹிந்தியில் முனகினார். எனக்கு அது பிடித்திருந்தது. சமையலறையில் ஆரம்பித்தவர்கள் சமையலறை அளவு மேடையில் நிற்கிறார்கள்.

அப்புறம் அந்தப் பெரிய திரை செக்கச்செவேலென்று ஆனது. அதன் முன்னால் நாலு கறுப்பு நிழல்கள். ஆர்கன் சத்தம் மெல்லக் கிளம்ப, எட்ஜின் கிடார் தொடங்கியது. 'ஸ்ட்ரீட்ஸ்.'

இந்தக் கிடார் வித்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்ஜ் வேகவிரல்காரர் இல்லை. ஒரு ஸ்வரத்தை மீட்டுவார், கருவி அதை எதிரொலிக்கும். ஆனால் எதிரொலி தாளத்தின் மேலேயே விழாது. அடிக்கு இரண்டு ஸ்வரம் போகிற இடத்தில், முக்கால் அடி தள்ளி விழும். கச்சேரி கேட்பவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: முக்கால் இடம். அவர் கையால் வாசிப்பது ஒன்று, முக்கால் இடத்தில் திரும்பி வருவது ஒன்று, இரண்டும் பின்னிக்கொண்டு, யாருமே வாசிக்காத மூன்றாவது ஒன்று கேட்கும். என் அப்பா தொடையில் தாளம் போட்டுக்கொண்டு ரேடியோ கச்சேரி கேட்பார். இந்த கேசட்டை ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனபோது, "ஒரே ஆள் ரெண்டு பேர் மாதிரி வாசிக்கறானே" என்றார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஆனால் விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

இந்த ஒரு பாட்டைச் சரிசெய்ய ஸ்டுடியோவில் அவ்வளவு நாளானதாம். தயாரிப்பாளர் பிரையன் ஈனோ வெறுத்துப்போய், நாடாவை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று எழுந்துவிட்டார். எஞ்சினியர் தடுத்துப் பிடித்ததால் பிழைத்தது. அழித்திருந்தால் காந்திபுரத்தில் 45 நிமிஷத்துக்குள் மிச்சமெல்லாம் அடங்கியிருக்கும் என்று குயுக்தியாகத் தோன்றியது.

திரையில் ஆன்டன் கோர்பைன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பாலைவனத்தில் நேராக ஓடும் ரோடு, ரோட்டோரம் நடந்து போகும் மனிதர்கள். 1986 டிசம்பரில் கலிபோர்னியாவின் மோஹாவி பாலைவனத்தில் ஆல்பத்துக்கு அட்டைப்படம் எடுத்தவரும் இவர்தான். அந்தப் படத்தில் இருந்த மரம் 2000-ல் விழுந்துவிட்டது.

'ஸ்ட்ரீட்ஸ்' தொடங்கியதும் ஸ்டேடியமே எம்பியது. ரூம்மேட்டைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கியிருந்தான். முருகன் கோயிலில் தீபாராதனைக்குத் தூக்குவது மாதிரி. அப்படியே 'வித் ஆர் வித்தவுட் யூ' வரைக்கும் கையைக் கீழே போடவில்லை.

இரண்டாம் பாதிப் பாட்டுகள் வானொலியில் அடிபடாதவை. கூட்டம் தளர்ந்தது. எனக்கு அங்கேதான் சூடு பிடித்தது. சுரங்கத் தொழிலாளர் பாட்டுக்குத் திரையில் ஒரு பித்தளை வாத்தியக் குழு வாசித்தது. 'ஒன் ட்ரீ ஹில்' வந்தது. நியூசிலாந்திலிருந்து வந்து இவர்களிடம் வேலை பார்த்த கிரெக் கேரல் என்ற மவோரி இளைஞர், 1986-ல் டப்ளினில் பைக் விபத்தில் செத்துப்போனார். அவருக்காக எழுதியது. கேசட்டில் இந்த இடத்தில் நாடா கசங்கி ஒரு விநாடி குரல் இழுக்கும். மேடையில் இழுக்காமல் போனது. எனக்கு ஒரு படி தவறின மாதிரி இருந்தது.

அடுத்து 'எக்ஸிட்.' ஸ்டேடியம் இருட்டில் கிடந்தது. பாட்டு நடுவே ரூம்மேட் காதருகே வந்து, "தொண்டை காயுதுல, தண்ணி வாங்கிட்டு வந்திருதேன்" என்றான். கையைப் பிடித்தேன். "இப்பப் போகாதே, அடுத்தது அது." "கியூ இப்பதான் கம்மியா இருக்கும், ரெண்டே நிமிஷம்" என்று இறங்கிவிட்டான்.

'எக்ஸிட்' முடிந்தது. 45 நிமிஷம் 2 விநாடி. என் காது பழக்கத்தில் 'டக்'குக்குக் காத்திருந்தது.

டக் வரவில்லை.

திரையில் பெண்கள். வரிசையாக, ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிதாக, கையில் மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். ஒன்றும் செய்யவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி பிடித்துக்கொண்டு போன பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, 1977-லிருந்து வியாழக்கிழமை தோறும் வெள்ளைத் தலைத்துணி கட்டிக்கொண்டு மாயோ சதுக்கத்தைச் சுற்றி நடந்த அம்மாக்களுக்கான பாட்டு. போனோ 1986-ல் எல் சால்வடோருக்குப் போனபோது அங்கேயும் இப்படித் தேடிக்கொண்டிருந்த அம்மாக்களைச் சந்தித்தார். பிற்பாடு 1998-ல் சிலியில் அந்த ஊர் அம்மாக்களையே மேடையில் ஏற்றி நிறுத்தினார்கள். இதெல்லாம் படித்திருக்கிறேன். ஆனால் அந்தத் திரையைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது அர்ஜென்டினா இல்லை. வவுனியாவில் ரோட்டோரக் கொட்டகையில், பிள்ளைகளின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள். 2017 பிப்ரவரியில் உட்கார்ந்தவர்கள். போன மாதம் 1000 நாள் தாண்டியிருக்கிறது. அவர்களுடைய படத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டியவன்தான் நானும்.

பாட்டு சத்தமே போடவில்லை. சுற்றிலும் எல்லோரும் எழுந்து கால்மேல் இடித்துக்கொண்டு போனார்கள், வந்தார்கள். யாரோ பாப்கார்ன் சிந்தினார்கள். முன்வரிசைக்காரர் வீட்டுக்குப் போன் பேசினார். நான் நகரவில்லை. முடியும்போது போனோ வார்த்தையில்லாமல் உச்சத்தில் இழுக்கிற ஒரு இழுப்பு, அம்மாக்கள் இழவு வீட்டில் ஓய்ந்துபோய்க் கடைசியில் இழுப்பார்களே அது. இவ்வளவு வருஷம் போனில் கேட்டபோது அது அழுகை என்றே தெரியவில்லை.

ரூம்மேட் வந்து சேர்ந்தபோது 'எலிவேஷன்' ஆரம்பித்து ஸ்டேடியம் குதித்துக்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் பாட்டில்.

"முடிஞ்சிட்டால?"

"டேய், 29 வருஷம் கழிச்சும் அதே பாட்டைக் கோட்டை விட்டுட்டே."

பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினான். அவன் முகத்தைப் பார்த்து மேலே ஒன்றும் சொல்லவில்லை.

கடைசிப் பகுதியில் ஏ.ஆர். ரஹ்மான் வந்தார், மகள்கள் கதீஜா, ரஹீமாவோடு. போன மாதம்தான் இவர்கள் சேர்ந்து செய்த 'அகிம்சா' வெளிவந்திருந்தது. டப்ளின் கிடாருக்கு மேல் தமிழ் மிதந்து வந்தது. "அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய்..." பக்கத்தில் இருந்த புனேக்காரப் பெண் என்ன மொழி என்று கேட்டாள். ரூம்மேட்டுக்குத் தண்ணீர் வாங்கப் போன குற்றவுணர்ச்சியெல்லாம் போயேபோய்விட்டது. ஆறாம் வகுப்பில் குறள் ஒப்பித்தலில் எவர்சில்வர் டம்ளர் வாங்கினவன். "தந்நோய்போல் போற்றாக் கடை" என்று முடித்து, இன்னா செய்யாமை, 315 என்று அதிகாரத்தையும் நம்பரையும் அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் கேரளாவா என்றாள். அவன் மனசு உடைந்ததை அங்கேயே பார்த்தேன்.

'ஒன்' பாட்டோடு முடித்தார்கள். இந்தச் சுற்றுப்பயணத்தின் கடைசி இரவும் இதுதான்.

நெருல் ஸ்டேஷன் வரை மனிதத் தலைகளாகவே நடந்தோம். லோக்கலில் ஏறியதும் எல்லோரும் போனை எடுத்தார்கள். கொஞ்சநேரம் வீடியோ, பாட்டு. அப்புறம் ஒவ்வொருவராக அமைதியானார்கள். டெல்லியில் ஜாமியா மிலியா பல்கலைக்கழகத்துக்குள் சாயங்காலம் போலீஸ் நுழைந்த செய்தி வந்திருந்தது. எதிரே நின்ற பையன், ஜோஷுவா மரம் போட்ட பனியன், நூலகத்திலிருந்து மாணவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும் வீடியோவைச் சத்தமில்லாமல் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தான்.

வாஷிப் பாலத்தில் ஜன்னல் வழியே காற்று குளிர்ந்தது.

நான்காம் நாள். டிசம்பர் 16, திங்கள். செம்பூர்

ராத்திரிதான் ரயில். ரூம்மேட் வங்கிக்கு அரைநாள் லீவு.

காலையில் அம்மா காபி கொடுத்துவிட்டு, "தமிழ்லயும் படிச்சாகளாமே?" என்றார்கள். ரூம்மேட் குறளை மறுபடி ஒரு முறை ஒப்பித்தான். அந்தச் சந்தோஷத்தில் டூ-இன்-ஒன்னுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. "சஷ்டி கவசம் முடியட்டும், அதுக்கப்புறம் என்னத்தையும் போட்டுக்கோங்க."

முடிந்தது. ஹெட்டில் கொஞ்சம் பஞ்சு வைத்துத் துடைத்து, கேசட்டைப் போட்டு, பென்சிலால் சுற்றவேண்டிய இடத்தில் சுற்றி, 'எக்ஸிட்'டின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினோம். நாடா வயசாகிவிட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல சத்தம். ரூம்மேட் சமையல் மேடைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, அரிவாள்மணை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

'எக்ஸிட்' முடிந்தது. மழை இரைச்சல். மூன்று விநாடி, நாலு விநாடி.

டக்.

"என்னய்யா, கரண்டு போயிட்டா?" என்றார்கள் அம்மா.

"இல்லம்மா, அவ்வளவுதான் இருக்கு."

ரூம்மேட் போனை எடுத்து எதையோ தேடினான். 11-வது பாட்டைத்தான் தேடுகிறான் என்று தெரிந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போனை டூ-இன்-ஒன் பக்கத்தில் சாய்த்து வைத்தான். அதே மழை, இந்தத் தடவை நிற்காமல் போனது. அம்மா கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே முழுசாகக் கேட்டார்கள். ஐந்து நிமிஷம் யாரும் பேசவில்லை. அந்தக் கடைசி இழுப்பு வந்தபோது கை நின்றது.

"யாரு செத்துப்போனா?" என்றார்கள்.

ரூம்மேட் என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன். பிள்ளைகளைக் காணோம் என்று தேடுகிற அம்மாக்களைப் பற்றின பாட்டு என்று.

"கெடச்சுதாமா?"

"இல்லம்மா."

கீரையை முறத்தோடு தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். "அந்தக் கேசட்ட திருப்பிப் போடு" என்றார்கள் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே. மறுபக்கம் இளையராஜா. முதல் பாட்டுக்கே நாடா கொஞ்சம் இழுத்தது, ரூம்மேட் மூடியில் ஒரு தட்டு தட்டினான், சரியாகிவிட்டது.

ராத்திரிக்குத் தயிர்சாதமும் நார்த்தங்காயும் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கேசட்டை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன்.